நோகாத பிடி

ஆலங்காயத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில் ஃபிஜாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. கைக்குழந்தையோடு நின்றிருந்த பெண்ணைப் பார்த்ததும், குழந்தையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது அவள் சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டது.

"நோவாது. ஆனா வுடமாட்டான்," என்று சிரித்தாள் தாய்.

ஜமுனாமரத்தூரில் தனசேகரனின் பட்டறையில் அன்று கடைசிச் சோதனை. மின்னணுச் சிப்புகளில் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைப் பற்றவைக்கும்போது, அடித்தகட்டை அசையாமல் பிடிக்கும் இரும்பு விரல்கள் கொண்ட கவ்வியை ஃபிஜாதான் வடிவமைத்திருந்தாள். இதுவரை, கவ்வியின் திருகாணியை இறுக்கினால் தகடு வளைந்தது. தளர்த்தினால் தகடு நடுங்கிக் கம்பி அறுந்தது. இன்றும் தோற்றால் ஆர்டர் போய்விடும்.

பிஸ்மில்லா சொல்லி இயந்திரத்தை ஓட்டினாள். ஒரு கம்பிகூட அறுந்துபோகவில்லை.

"அடி சக்கை! எவ்ளோம்மா இறுக்கினே?" தனசேகரன் துள்ளினார்.

ஃபிஜா குனிந்து பார்த்தாள். திருகாணி மேசைமேலேயே கிடந்தது.

"மாட்டவே மறந்துட்டேண்ணா."

"அப்போ தகட்ட எது புடிச்சிக்கினு இருந்துச்சு?"

இயந்திரத்தை நிறுத்தி, தகட்டை எடுத்துவிட்டு, கவ்விக்குள் சுண்டுவிரலை வைத்தாள். இரும்பு விரல்கள் தாமாகவே மெல்ல மூடின. வெதுவெதுப்பாக இருந்தன. அவளுக்குச் சிரிப்பு பொங்கியது.

"டீ ஆறுதும்மா, வா."

"இருங்கண்ணா, இன்னும் வுடல."