புள்ளிக்காரி பிடித்த ஆள்

மலையோடை ஒன்றில் புள்ளிக்காரி என்றொரு டிரவுட் மீன் இருந்தாள். ஞாயிறுதோறும் அங்கே ஒரு தூண்டில் சங்கம் வரும். இறகில் கட்டிய பொய் ஈயை வீசி மீன் பிடிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், பத்திரமாகத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். போகும்போது ஓடையில் கிடக்கும் பிளாஸ்டிக்கையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போவார்கள்.

அன்று புதிதாகச் சேர்ந்த கண்ணாடிக்காரர் ஒருவர் காலையிலிருந்து வீசினார். "மணிக்கட்டை மட்டும் ஆட்டுங்க சார்" என்று சங்கத்து வாத்தியார் தொண்டை வறளச் சொல்லியும், ஈ முதலில் மரத்தில் மாட்டியது, பிறகு அவர் தொப்பியிலேயே மாட்டியது.

"இனிமே நான் வரல" என்றார் கண்ணாடிக்காரர்.

புள்ளிக்காரிக்குப் பகீரென்றது. அடுத்த வீச்சில் ஈயைப் பார்த்துப் பாய்ந்தாள்.

"அக்கா, அது பொய் ஈ!" என்று கத்தியது பக்கத்துக் கல்லடியில் இருந்த நண்டு.

"தெரியும்டா. இவரும் போயிட்டா குப்பையை நீ பொறுக்குவியா?"

"வாய் கிழிஞ்சிடுமே!"

"நமக்கு வலிக்கக் கூடாதுன்னு கொக்கியில இருந்த முள்ளை மழுக்கிட்டாங்க, மகராசனுங்க. நாமதான் நழுவாம கடிச்சுப் பிடிச்சுக்கணும்."

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தவள், தாடையைக் கல்லில் தேய்த்துக்கொண்டாள்.

"என்னக்கா ஆச்சு?"

"நல்லா மாட்டிக்கிட்டார். போட்டோ எடுக்கிற வரைக்கும் பிடிச்சு வச்சிருந்தேன். அப்புறம் பாவமேன்னு பத்திரமா கரையில விட்டுட்டேன்."