முசுக்கட்டைத் தோப்புக் கயிறு

சிரிக்கிற சங்கதி ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்காகப் படைவீரன் பல்தியே வெயிலில் குப்புறக் கிடந்து காத்திருந்தான். நாமும் கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும்.

ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் எதிரிகளான பெலிஸ்தரின் பாளயம் இறங்கியிருந்தது. ராஜாவின் ஆட்கள் பின்பக்கமாகச் சுற்றி வந்து, முசுக்கட்டைத் தோப்புக்கு எதிரே புல்லோடு புல்லாகப் படுத்திருந்தார்கள்.

மர உச்சியில் படை நடக்கிற இரைச்சல் கேட்டால், கர்த்தர் முன்னால் புறப்பட்டுவிட்டார் என்று அர்த்தம். அதற்கு முன் எழுந்தால் ஒருத்தரும் வீடு திரும்ப முடியாது. ராஜாவுக்கு வந்த வாக்கு அது.

பல்திக்கு எந்தக் குரலும் வரும். கழுதை, கௌதாரி, எக்காளம் ஊதுகிறவனின் இருமல், எல்லாம். ஆனால் கூட்டம் விழுந்து விழுந்து சிரிப்பது நூறு வீரருக்கு அதிபதியான எலிசூரின் மூக்குக் குரலுக்குத்தான்.

"நாம ஜெயிக்கிறதில்ல தம்பிகளா. அவர் ஜெயிக்கிறார். நாம பின்னால போறோம், அவ்வளவுதான்." கர்த்தரைப் பற்றி எலிசூர் ஓயாமல் சொல்வதை அப்படியே சொல்லிக் காட்டுவான்.

அந்த எலிசூரை ஒருமுறை குதிக்க வைத்துப் பார்க்க ஆசை. காலையிலேயே சிநேகிதன் இஷ்வியிடம் சுருக்குப் போட்ட கயிற்றைக் கொடுத்து அனுப்பியிருந்தான். அதை மூன்று மரங்களில் மாட்ட வேண்டும். கௌதாரி கூவினால் இழுக்க வேண்டும். அதிபதி துள்ளி எழுவார், இவன் அங்கியைப் பிடித்து உட்கார வைப்பான். பாளயமே ஒரு மாதம் சிரிக்கும்.

உச்சி வெயில். ஒரு இலை ஆடவில்லை. பல்தி கௌதாரியாகக் கூவினான். ஒன்றுமில்லை. மறுபடி கூவினான்.

எலிசூர் திரும்பி அவனைப் பார்த்தார். "கௌதாரிக்குப் பசி போலிருக்கு" என்றார். எழவில்லை.

பல்தி சலித்துப்போய்த் தலையைக் கவிழ்த்த பிறகுதான் தோப்பு இரைந்தது. மூன்று மரமல்ல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். 'இஷ்வி பலே ஆளுடா' என்று நினைப்பதற்குள் எலிசூர் வாளோடு எழுந்துவிட்டார். பல்தி அங்கியைப் பிடித்தான். ஓரம் கிழிந்து கையோடு வந்தது. விளையாட்டு என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் பின்னால் மொத்தப் படையும் எழுந்து ஓடியது.

தன் விளையாட்டுக்கு இத்தனை பேரும் சாகப்போகிறார்கள். அந்த நினைப்போடு அவனும் ஓடினான்.

பொழுது சாயும்போது பெலிஸ்தர் தோற்று, கேசேர் ஊர்ப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஜெயித்துத் தோப்போரம் திரும்பிய படைக்கு வறுத்த கோதுமையும் உலர்ந்த திராட்சையும் வந்தன. எல்லாரும் கர்த்தரைத் துதித்தார்கள். உயிர் தப்பியதும் பல்திக்குப் பயம் போய்ச் சிரிப்பு திரும்ப வந்தது. கிழிந்த அங்கி ஓரத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு எழுந்தான். மூக்கால் பேசினான்.

"கேட்டீங்களா தம்பிகளா, அவர் நடந்த சத்தத்த."

கூட்டம் சிரித்தது.

"அந்த அவர் யாருன்னு தெரியுமா? நம்ம இஷ்விதான். கயிறு மட்டும் என்னோடது."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்கள். அங்கே எலிசூர் நின்றார், பக்கத்தில் தலை குனிந்தபடி இஷ்வி.

"இவனைக் காலையிலயே தோப்பு ஓரத்துல பிடிச்சேன்" என்றார் எலிசூர். "விஷயம் ராஜாகிட்ட போயிருந்தா ரெண்டு பேர் தலையும் போயிருக்கும். அதான் யாருக்கும் சொல்லாம, மூட்டை காக்கிற இடத்துக்கு அனுப்பிட்டேன். பகல் பூரா கழுதைகளோடதான் இருந்தான்."

இடுப்பிலிருந்து கயிற்றை எடுத்துப் பல்தியின் கையில் வைத்தார். "உன் சாமான்."

காலையில் அவன் போட்ட சுருக்கு, இறுகாமல் அப்படியே இருந்தது.

பல்தி கயிற்றைப் பார்த்தான். தோப்பைப் பார்த்தான். இப்போதும் ஒரு இலை ஆடவில்லை.

"அப்படின்னா..." என்று ஆரம்பித்தான். அதிபதியின் குரல் வரவில்லை. அவனுடைய சொந்தக் குரலும் வரவில்லை.