வாசலில் நின்ற வண்டி

"யோவ், முதல்ல வண்டியை எடுய்யா! நிறுத்துறதுக்கு வேற வீடே கிடைக்கலையா உனக்கு?"

ஃபிரிட்ஜ் மெக்கானிக் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது. தெருவில் அவருக்குக் 'கூலிங்' என்று பட்டப்பேர். கூலிங் எல்லாம் தொழிலோடு சரி. மனுஷன் தொட்டதற்கெல்லாம் கொதிப்பார்.

இன்றைக்குக் கொதித்ததில் நியாயம் இருந்தது. அவர் வாசலை ஒட்டி நின்றது அமரர் ஊர்தி. மாடியில், தகரக் கூரை போட்ட அறையில், இருதய நோயாளியான அவருடைய அப்பா படுத்திருக்கிறார்.

டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஸ்வெட்டரைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஒரு அரை மணி நேரம்ணே. எடுத்துடறேன்."

"யார் வீட்டுக்கு வந்திருக்கே?"

"இன்னும் யாரும் கூப்பிடலை."

"இன்னுமா?" கூலிங்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கூப்பிடறதுக்கு முன்னாடியே வந்து காத்துக்கிட்டு இருக்கியா? நல்லா இருக்குய்யா உன் நியாயம்!"

"கோவிச்சுக்காதீங்க. மத்தியானம் முப்பத்தெட்டு டிகிரி கொளுத்துச்சு. இப்ப காத்து எப்படி வீசுது பாருங்க. ராத்திரி பதினெட்டுக்கு இறங்குமாம். மூணு நாளா இதே கூத்துதான். இந்த மாதிரி நாள்லதான் எங்க ஆபீஸ் போன் ஓயாம அடிக்கும். இருபத்திரண்டு வருஷமா பார்த்தவன் சொல்றேன்."

"வெயில் அடிக்கத்தான் செய்யும், குளிரத்தான் செய்யும். அதுக்காக ஜனங்க பொட்டு பொட்டுன்னு போயிடுவாங்களா?"

"ஒரே சீரா இருந்தா உடம்பு எப்படியோ பழகிக்கும்ணே. இப்படி ஏறி ஏறி இறங்கினாத்தான் தாங்காது. நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"ஃபிரிட்ஜ் ரிப்பேர்."

"ஃபிரிட்ஜ் மோட்டார் எப்ப புகையும்?"

"கரண்ட் ஏறி இறங்கினா..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"அதேதான். வயசானவங்க இருதயம் ஓடி ஓடித் தேஞ்ச மோட்டார். உங்க வீட்ல பெரியவங்க இருக்காங்களா?"

"அதைத் தெரிஞ்சு உனக்கு என்னய்யா ஆகணும்? வாயைக் கழுவு!"

திட்டிவிட்டாரே தவிர, அங்கே நிற்கவில்லை. விடுவிடுவென்று உள்ளே போனார். சமையலறையில் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பாவை எப்ப பார்த்தே?"

"மத்தியானம் சாப்பாடு கொடுத்தேன். மூணு மணிக்கு எட்டிப் பார்த்தேன், நல்லா தூங்கிட்டிருந்தார். எழுப்புவானேன்னு வந்துட்டேன். ஏங்க, என்ன ஆச்சு?"

அவர் மாடிப்படிக்கு ஓடினார். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

மாடி அறையின் ஜன்னல் மத்தியானம் திறந்தபடியே கிடந்தது. வெயிலுக்காகப் போட்ட மேசை விசிறி, இப்போது குளிர்காற்றை வாரிக் கட்டில் மேல் இறைத்துக்கொண்டிருந்தது. பகல் வியர்வையில் நனைந்த பனியன் அப்பாவின் உடம்போடு ஈரமாக ஒட்டியிருந்தது.

"அப்பா!"

அப்பா அசையவில்லை. உதடு வெளுத்திருந்தது. கையைப் பிடித்தார். கை சில்லிட்டுப் போயிருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அப்பா! அப்பா!"

இமை மெல்ல அசைந்தது. "குளிருதுடா... கூப்பிட்டேன். யாருக்கும் கேக்கலை போல."

அந்த ஒரு வார்த்தையில் அவர் உடைந்துபோனார். விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, பனியனை உருவிக் கழற்றி, கம்பளியால் சுற்றினார். மனைவியைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாக அப்பாவைத் தாங்கிக் கீழே கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். அடுத்த தெரு டாக்டர் ஓடிவந்தார், ஊசி போட்டார், நாடியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

"இப்போதைக்குப் பயமில்லை. நல்லவேளை, இப்பவே பார்த்தீங்க. காலையில பார்த்துக்கலாம்னு விட்டிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

டாக்டரை வழியனுப்ப வாசலுக்கு வந்தார் கூலிங். வண்டி இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. தன் மேலேயே இருந்த கோபம் மொத்தமும் அதன் மேல் திரும்பியது. அதன் பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

"உங்க வண்டி ஒண்ணு பிணந்தின்னிக் கழுகு மாதிரி என் வீட்டு வாசல்ல உட்கார்ந்திருக்கும்மா. இதெல்லாம் ஒரு பிழைப்பா?"

"மன்னிக்கணும் சார். வண்டி நம்பர் சொல்லுங்க," என்றது ஒரு பெண் குரல்.

சொன்னார். அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அவரா! அவர் எங்ககிட்ட வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகுது சார். நாங்க கழிச்சுப் போட்ட வண்டியை அவரே வாங்கிக்கிட்டார். அதுல ஸ்ட்ரெச்சர்கூடக் கிடையாது."

"அப்புறம் எதுக்கும்மா அதை இங்க கொண்டுவந்து நிறுத்தறார்?"

"போன வருஷம் இதே மாதிரி வெயிலும் குளிருமா மாறி மாறி அடிச்சப்ப, ஒரே நாள்ல ஆறு வீட்டுக்குப் போனார் சார். ஆறு வீட்லயும், 'தூங்கறாங்கன்னு நினைச்சோம்'னுதான் சொன்னாங்களாம். பத்திரமா பார்த்துக்குங்கன்னு சொன்னா யாரும் காதுல வாங்கறதில்லை. இந்த வண்டி வாசல்ல நின்னா மட்டும் எல்லாரும் ஓடிப் போய் அப்பா அம்மாவை ஒரு தடவை பார்த்துட்டு வர்றாங்கன்னு சொல்வார்."

அவர் கண்ணெதிரே வண்டி கிளம்பியது. மெதுவாக நகர்ந்து, அடுத்த தெருவுக்குள் திரும்பியது.

"ஹலோ... லைன்ல இருக்கீங்களா? நீங்க போய்ப் பார்த்தீங்களா சார்?"