ஐந்து மணி வணக்கம்

அலாரம் அலறியது. உத்தமர் எழுந்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மட்டும் திறந்து, கம்பெனி கொடுத்த போனை எடுத்தார். உத்தமர் என்பது, பொய் சொல்லத் தெரியாதவர் என்பதால் ஆபீசில் அவருக்கு வைத்த பட்டப்பெயர்.

மணி ஐந்து. டாணென்று ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் மேனேஜரின் செய்தி வந்து விழுந்தது. ‘காலை வணக்கம்! எல்லோரும் எழுந்தாச்சா?’

‘குளிச்சே முடிச்சுட்டேன் சார்’ என்றார் கேஷியர். ஸ்டோர்கீப்பர் ஓட்டப் பயிற்சியில் இருக்கிறாராம்!

உத்தமரும் தட்டுத்தடுமாறி ஒரு வணக்கத்தைப் போட்டார். அதற்கப்புறம் தூக்கமா வரும்?

அந்த பெயின்ட் கம்பெனியில் இது புதுச் சட்டம். சீக்கிரம் எழுகிறவன்தான் உருப்படுவான் என்பது மேனேஜரின் கட்சி. பதில் போடாதவர்கள் பதவி உயர்வை மறந்துவிட வேண்டியதுதான்.

உத்தமருக்கோ வீட்டில் கைக்குழந்தை. அது கண்ணை மூடவே நடுச்சாமம் ஆகிவிடும். நேற்று தூக்கக் கலக்கத்தில், வெள்ளை பெயின்ட் கேட்டவருக்குக் கறுப்பை அனுப்பிவைத்து, மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"பேசாம போனை ஆபீஸ் வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டு வாங்களேன்," என்றாள் மனைவி. "அவர் எப்படியும் முழிச்சுக்கிட்டுதானே இருப்பார்? உங்களுக்காக ஒரு வணக்கம் போட்டா கை தேஞ்சா போயிடும்?"

"ஏமாத்தச் சொல்றியா? மத்தவங்கல்லாம் நேர்மையா எழுந்திரிக்கலையா?"

"இப்படியே தூங்கி வழிஞ்சுக்கிட்டு வண்டி ஓட்டினா, என்னைக்காவது எங்கயாவது போய் மோதிக்கப் போறீங்க. எனக்கு பயமா இருக்குங்க."

மனுஷர் ஆடிப்போனார்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பும்வரை காத்திருந்து, வாட்ச்மேன் அறைக்குள் நுழைந்தார். திருடப் போகிறவர் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

"அண்ணே, ஒரு உதவி... தப்பா நினைச்சுக்கக் கூடாது." மென்று விழுங்கி ஒருவழியாக விஷயத்தைச் சொன்னார்.

"அட, இதுக்கா சார் இந்த இழுவை?"

வாட்ச்மேன் மேஜை டிராயரை இழுத்தார். உள்ளே வரிசையாகக் கம்பெனி போன்கள்!

"இது கேஷியரோடது. இதுல குளிச்சுட்டேன்னு போடணும். இது ஸ்டோர்கீப்பரோடது. ஓடிக்கிட்டிருக்கேன்னு போடணும். உங்களுக்கு என்ன சார் போடட்டும்?"

"அடப்பாவிகளா!" இத்தனை நாள் ஒருத்தனாக எழுந்து செத்ததை நினைத்து உத்தமருக்கு வயிறு எரிந்தது. அடுத்த நொடியே சிரிப்பும் வந்துவிட்டது. அப்பாடா, நாளைக்கு விடிந்த பிறகு எழுந்தால் போதும்!

திடீரென்று பகீரென்றது.

"அண்ணே, இது மட்டும் மேனேஜருக்குத் தெரிஞ்சா நம்ம எல்லாரோட சீட்டும் கிழிஞ்சிடுமே!"

வாட்ச்மேன் நிதானமாக உத்தமரின் போனை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, ஓரத்தில் இருந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"அந்தக் கவலையே வேணாம் சார். காலையில முதல் வணக்கம் போடறது இதுலேர்ந்துதான். இது மேனேஜரோடது."