தோரியக் காவல்

சாயங்காலம் ஏழு மணிக்கே கரண்ட் போய், தாம்பரம் கல்யாண மண்டப வாசலில் தார் பூசிய இருட்டு. மாப்பிள்ளை அழைப்புக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு பெட்ரோமாக்ஸ் மேண்டில் வலை. விளக்குக்கார ஏசுபாதம் அதைக் கட்டி எரித்ததும் வெள்ளைச் சாம்பல் கூடாய்த் தொங்குகிறது. ஈ தும்மினாலும் உதிர்ந்துவிடும், அப்புறம் மாப்பிள்ளை தடவித்தான் வரவேண்டும். "இதுலதான் சார் உங்க தோரியம் கீது," என்கிறான். பெண்ணின் அப்பா பொன்னுசாமிக்கு உடம்பெல்லாம் விறைக்கிறது. முப்பது வருஷம் சர்க்கார் அணுசக்தித் தோரியக் கிடங்கின் வாசலில் அணில்கூட நுழையாமல் காத்தவர். உள்ளே இருந்ததை மட்டும் கண்ணால் பார்த்ததேயில்லை. இரு கைகளையும் விரித்து விளக்கை மறிக்கிறார். நெருங்கி வரும் நிழலின் தோளைப் பிடிக்கிறார். "யாருய்யா அது? பாஸ் எங்க?" ஏசுபாதம் பம்ப் அடிக்க அடிக்க மேண்டில் உஸ்ஸென்று பற்றி, திருநீர்மலை வரைக்கும் பட்டப்பகலாகிறது. பிடியில் நிற்பது மாப்பிள்ளை! "இதோ மாமா, பாஸ்," என்று கழுத்து மாலையைத் தூக்கிக் காட்டுகிறார். பொன்னுசாமி குதிகால் சேர்த்து ஒரு சல்யூட் அடித்து வழிவிடுகிறார்.