பூ இருக்கும் வீடு

“அதோ, வாழைக்காய் சுட்டு விக்கிற அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்ணே,” என்றாள் அஃப்ராகொமா. பெண் கேட்க வழக்கமான சனிக்கிழமையாகப் பார்த்து, மகனுக்குப் பெண் கேட்கக் கானாவின் குமாசி நகருக்கு வந்திருந்தாள்.

“போன்ல மேப் இருக்கும்போது வழி கேட்டா சிரிப்பாங்க,” என்றார் அண்ணன் ஒஃபோசு. பெண் வீட்டில் பேசப்போகிறவர் அவர்தான்.

மேப் ஒரு பச்சைக் கதவின் முன் கொண்டுபோய் நிறுத்தியது. உள்ளே நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. ஒரு பெரியவர் எழுந்து வந்து, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

“பார்த்தியா?” என்று தங்கையிடம் கண்ணடித்தார் ஒஃபோசு.

எடுத்த எடுப்பில் பெண்ணின் பெயரைச் சொல்வது நாகரிகமில்லை. அதனால், “உங்க தோட்டத்துல ஒரு பூவைப் பார்த்தோம். பறிச்சுக்க அனுமதி வேணும்,” என்று ஆரம்பித்து, அரைமணி நேரம் பொழிந்துவிட்டு, வழக்கப்படி கொண்டுவந்திருந்த மது பாட்டிலை நீட்டினார்.

பெரியவர் அதைத் திறந்து, முன்னோருக்குத் தரையில் நாலு சொட்டு ஊற்றிவிட்டு, ருசித்துக் குடித்தார்.

“அருமையான பேச்சு. ஆனா எனக்கு மூணும் ஆம்பளைப் பசங்க. அந்தப் பூ பின்தெருவுல இருக்கு. பின்தெருவுக்குப் பெண் கேட்டு வர்ற எல்லாரையும் மேப் இங்கதான் கொண்டுவந்து விடுது.”

ஒஃபோசுவின் முகத்தில் அசடு வழிந்தது. “முன்னாடியே சொல்லியிருக்கலாமே, ஐயா?”

“பெண் கேட்டு வந்தவரைப் பாதிப் பேச்சுல நிறுத்தலாமா? முனைக் கடையில வேற பாட்டில் கிடைக்கும், வாங்கிட்டுப் போங்க.”

அஃப்ராகொமா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். “அப்போ இந்த நாற்காலியெல்லாம் யாருக்கு?”

பெரியவர் இன்னொரு கிண்ணம் ஊற்றிக்கொண்டார்.

“உங்களுக்குத்தாம்மா. சனிக்கிழமையானா எடுத்துப் போட்டு வெச்சுடுவேன்.”