ஆடு தட்டிய பந்து

அன்று மாலை ஆட்டத்தில் இருந்தவர்கள்: பீங்கான் ஆலை மேனேஜர் லட்சுமிநாராயணன், இன்ஸ்பெக்டர் கனகசபாபதி, பந்து தேடிக் கொடுக்கும் சூளைத் தொழிலாளி சாமிதுரை, யாருடையதென்று தெரியாத ஓர் ஆடு.

விருத்தாசலத்தில் கோல்ஃப் ஆடியவர்கள் அந்த இரண்டு அதிகாரிகள்தான். மைதானம், ஆலைக்குப் பின்னாலிருந்த பொட்டல். குழி, கழுத்து வரை புதைத்த ஊறுகாய் ஜாடி.

ஆட்டம் முடிந்ததும் சாமிதுரையை ஜீப்பில் ஏற்றுவதாக இன்ஸ்பெக்டர் முடிவு செய்திருந்தார். சூளையின் சூட்டை அளக்கும் பிளாட்டினக் கம்பி காணாமல் போனபோது வேலையில் இருந்தவன் அவன்தான். தங்கத்தைவிட விலை கூடிய கம்பி. புகார் கொடுத்தவர் மேனேஜர்.

மேனேஜர் அடித்த பந்து மேட்டுக்கு அப்பால் மறைந்தது. சாமிதுரை முன்னால் ஓடினான்.

"இங்க இருக்குதுங்க" என்று உடைந்த கோப்பைகளின் குவியலைக் காட்டினான். அவனுக்கு வியர்த்திருந்தது. குவியலை விட்டு நகரவும் இல்லை. புதைத்தவன் புதைத்த இடத்தைத்தான் சுற்றுவான் என்பது இன்ஸ்பெக்டரின் அனுபவம்.

மேனேஜர் விறுவிறுவென்று முன்னே போனார். இன்ஸ்பெக்டர் போய்ச் சேர்ந்தபோது பந்து குவியலை விட்டுத் தள்ளி வெறுந்தரையில் கிடந்தது.

"ஆடு தட்டிடுச்சு சார். இங்கேருந்தே ஆடிடறேன்."

ஆடு தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது.

"போன வாரம் இதே ஆடு என் பந்தை சாக்கடையிலேருந்து வெளிய தள்ளுச்சு. அப்ப என்ன சொன்னீங்க?"

மேனேஜர் மட்டையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஆடு நகத்துனா அபராதம் இல்ல, ஆனா இருந்த எடத்துலயே வைக்கணும்னீங்க. சாக்கடையில எறங்கி வச்சேன். இப்ப நீங்க வைங்க."

வைத்தார். பூவைத் தொடுவதுபோல் மட்டையால் தொட்டார். அதற்கே குவியல் சரிந்து, ஒரு பவுடர் டப்பா உருண்டு வந்து இன்ஸ்பெக்டரின் பூட்ஸில் முட்டியது. உள்ளே கம்பி. அதைச் சுற்றியிருந்த கைக்குட்டையின் மூலையில், மேனேஜரின் மனைவி வைதேஹி பச்சை நூலால் தைத்த 'ல.நா.'

ஸ்டேஷனில், சாமிதுரைக்காகப் பெருக்கி வைத்திருந்த அறைக்குள் மேனேஜர் போனார்.

"அவரு பொதைச்சத நான் பாத்தேங்க" என்றான் சாமிதுரை.

"ஏம்பா அப்பவே சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

இன்ஸ்பெக்டர் சாவியைத் தேடினார்.

"இன்னொண்ணுங்க. பந்து மொதல்ல பொட்டல்லதான் கெடந்துது. என் காலு பட்டு குவியலு மேல ஏறிடுச்சு. தெரியாமத்தான்."

பாதி சாத்திய கம்பிக் கதவை மேனேஜர் உள்ளிருந்து பிடித்துக்கொண்டார். "அப்ப அந்த அடியே செல்லாது சார். பந்தைப் பழைய எடத்துல வச்சு நான் மறுபடி ஆடணும்."

"விதிப்படி சரிதான்" என்று ஒப்புக்கொண்ட இன்ஸ்பெக்டர், கதவைச் சாத்திப் பூட்டினார்.